தேடுபவர் கைக்குக் கிடைக்கட்டும்
முன்னாள் படைவீரர் இல்லங்களுக்கு மழைக்கால ஆயத்தக் குறிப்புகள்

களத்துக்குச் செல்லும் படைவீரர் தம் சீருடையில் ஒரு சிறு கட்டுத்துணிப் பொதியை வைத்திருப்பார். ‘ஃபீல்டு டிரெஸ்ஸிங்’ என்பது படையினர் அதற்கு வழங்கும் பெயர். ஒரு பிரிவைச் சேர்ந்த அனைவரும் அதனைச் சீருடையின் ஒரே பையில் வைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. காயமுற்று விழுந்தவரால் பேச முடியாமற் போகலாம். ஓடிவரும் தோழர் அங்குமிங்கும் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. அவர் கை நேராக அந்தப் பைக்குள் செல்ல வேண்டும். விழுந்தவருக்கு அவருடைய கட்டுத்துணியையே பயன்படுத்த வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த பாடம். உதவ வந்தவர் தம்முடையதைக் கொடுத்துவிட்டால், அடுத்து அவரே விழும்போது அவரிடம் கட்டு இராது.

இந்த ஒழுங்கைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கடைப்பிடித்த பலர் இன்று எங்கள் நோயாளிகள். அவர்கள் வீடுகளில் மருந்தும், அட்டையும், மருத்துவக் குறிப்புகளும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பது பெரும்பாலும் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. அவர் நினைவிழந்து எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நாளில், அந்த ஒழுங்கு முழுவதும் பூட்டிய அலமாரிக்குள் நின்றுவிடுகிறது.

“ஐயா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், அம்மா?” என்று செவிலியர் கேட்பார். “காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு பாதி மாத்திரை. எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்” என்பது நாங்கள் பல முறை கேட்ட விடை. அந்தப் பாதி மாத்திரை இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தா, இல்லையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறக்கூடும். மூளை இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தவருக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர் இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவரா என்பதை அதற்கு முன் மருத்துவர் அறிந்தாக வேண்டும். வீட்டுக்கு ஆளனுப்பி மருந்துச் சீட்டைத் தேடும் நேரமும் அந்த நான்கரை மணியிலிருந்துதான் கழிகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், முன்னாள் படைவீரர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் நாங்கள் வேண்டிக்கொள்வது இதுவே: உங்கள் ஆயத்தம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, உங்களைத் தூக்க வருபவர் கைக்கும் அது கிடைக்க வேண்டும்.

அடுத்த பொறுப்பாளர் யார்?

படைப்பிரிவு எதுவாயினும், தலைமை ஏற்றவர் வீழ்ந்தால் அடுத்துப் பொறுப்பேற்பவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் அவர் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். மனைவியாக இருக்கலாம், மகன், மகள், மருமகளாக இருக்கலாம். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், அடுத்த வீட்டில் உள்ள நம்பிக்கையான ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் சூழ்ந்த தெருவில் முதலில் வந்து சேரக்கூடியவர் அவரே.

“அவளுக்கு இதெல்லாம் தெரியாது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வயலைப் பார்த்து, மாமனார் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற முகவரிக்குக் கடிதம் எழுதி, வீட்டைத் தனியாக நடத்தியவர் அந்த அம்மாதான். ஓய்வு பெற்று வந்தவர் கோப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டதால் வந்த பழக்கமே இது. அந்தக் கோப்பை மீண்டும் இருவர் நடுவில் வையுங்கள்.

ஒரே ஒரு தாள்

பெரிய கோப்பு அவசர வேளையில் உதவாது. ஒரு தாளின் ஒரு பக்கம் போதும். அதில் பின்வருவன தெளிவான எழுத்தில் இருக்கட்டும்:

• பெயர், வயது, இரத்த வகை
• உள்ள நோய்கள். நடந்த அறுவை சிகிச்சைகள். இதயத்தில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், உடலில் உலோகத் தகடு அல்லது குண்டுச் சிதறல் இருப்பின் அது பற்றிய குறிப்பு
• உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, வேளை. இரத்தம் உறையாமைக்கான மருந்தும் இன்சுலினும் இருந்தால் அடிக்கோடு இடுங்கள்
• ஒவ்வாமை தரும் மருந்துகள்
• சிகிச்சை அளிக்கும் மருத்துவர், மருத்துவமனை
• இ.சி.எச்.எஸ். அட்டை எண், பதிவு பெற்ற பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்
• அழைக்க வேண்டிய இருவரின் எண்கள். அவர்களுள் ஒருவர் வெளியூரில் இருப்பவராக இருத்தல் நலம்

மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று பணப்பையில், ஒன்று அடுத்த பொறுப்பாளரிடம், ஒன்று நெகிழி உறையிட்டு வாசற்கதவின் உட்புறம். மருந்து மாறும்போதெல்லாம் மூன்றையும் மாற்றி, தேதியிடுங்கள். முக்கடல் தாண்டிய பிள்ளையின் கைப்பேசியிலும் அதன் படம் ஒன்று இருக்கட்டும்.

மனைவிக்கும் இதே போன்ற தனித் தாள் தேவை. கணவரின் தாளை முதலில் எழுதி முடித்துவிட்டு, தம்முடைய நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் எழுத மறந்துவிடும் அம்மாக்களை நாங்கள் அறிவோம்.

அட்டையும் 48 மணி நேரமும்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இ.சி.எச்.எஸ். என்றே அனைவரும் அழைக்கும் இத்திட்டத்தில், வழக்கமான சிகிச்சைக்கு முதலில் பாலிகிளினிக் சென்று, அங்கிருந்து பரிந்துரை பெற்று, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல்லாண்டுகள் இந்த வழியிலேயே பழகியதால், உயிருக்கு ஆபத்தான வேளையிலும் அதே வழியில் செல்ல வேண்டும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். நெஞ்சுவலியோடு இருப்பவரை, அருகில் உள்ள மருத்துவமனையைத் தாண்டி, அட்டை செல்லுபடியாகும் தொலைதூர மருத்துவமனைக்கு வாடகைக் காரில் கொண்டு செல்கிறார்கள். விடியும்வரை காத்திருந்து பரிந்துரைச் சீட்டுப் பெற முயல்வோரும் உண்டு.

இது தேவையில்லை. அவசர நிலையில் பரிந்துரைச் சீட்டு இன்றியே அருகில் உள்ள மருத்துவமனைக்குச் செல்லலாம். அது திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாயின் அட்டையைக் காட்டுங்கள். பாலிகிளினிக்குக்கு அவசரச் சேர்க்கை பற்றிய தகவலை மருத்துவமனையே அனுப்பும். சேராத மருத்துவமனையாயின், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். அங்கு செலவைத் தாங்களே செலுத்தி, பின்னர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருக்கும். திட்டம் வகுத்த கட்டண அளவுக்கே தொகை திரும்பக் கிடைக்கும் என்பதால், முழுச் செலவும் கிடைக்குமென எதிர்பார்க்க வேண்டாம். சேர்க்கைச் சான்று, சிகிச்சைச் சுருக்கம், பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் மூலப்படியாகப் பாதுகாத்து வையுங்கள். நோயாளியின் நிலை சீரானதும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நடைமுறையில் மாற்றம் ஏதும் உண்டா என்பதை, அடுத்த முறை பாலிகிளினிக் செல்லும்போது கேட்டு, தாளின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம் இல்லாமல் குறுகிய காலப் பணியோடு வெளிவந்தவர்கள், தங்களுக்குரிய மருத்துவ உதவி எது என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிவது நல்லது. படுக்கையில் சேர்த்த பிறகு அதனைத் தேடி அலைவது குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

மூன்று வெள்ளங்கள், மூன்று பாடங்கள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, பல பகுதிகளில் மின்சாரத்தோடு கைப்பேசித் தொடர்பும் நின்றது. எண்கள் யாவும் கைப்பேசிக்குள் இருந்தன, கைப்பேசியோ அணைந்திருந்தது. எனவே எண்கள் தாளில் இருக்க வேண்டும் என்பது முதற்பாடம்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. மின்சாரத்தை நம்பிய மருந்துக்கும் கருவிக்கும் மாற்று வழி வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையும் இருப்புப் பாதையும் துண்டிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். பாதை அடைபட்டால் மருந்தும் வராது, மருத்துவமனைக்கும் செல்ல முடியாது என்பது மூன்றாம் பாடம்.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாதாந்திர மருந்து தீரும் நாள்வரை காத்திராதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவே பெற்று, குறைந்தது ஏழு நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை, ஓய்வூதிய ஆணை, விடுவிப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் இட்டு, மருந்துப் பையிலேயே வையுங்கள். அதனோடு கண்ணாடி, கைவிளக்கு, மின்கலங்கள், சிறிது ரொக்கம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியனவும் இருக்கட்டும். பை தரையில் வேண்டா. நீர் எட்டாத உயரத்தில், எல்லாரும் அறிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும்.

நோய்க்கேற்ற முன்னேற்பாடு

இன்சுலின்: திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் குப்பி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். வகைக்கு வகை வேறுபடுவதால் பெட்டியில் உள்ள குறிப்பைப் பாருங்கள். மின்சாரம் நின்றால், ஒரு மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, உள்பானையில் நெகிழிப்பையிலிட்ட இன்சுலினை வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கலாகாது. உறைந்துபோன இன்சுலினை மீண்டும் பயன்படுத்தவும் கூடாது.

டயாலிசிஸ்: புயல் எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முறையை முன்னதாகச் செய்துகொள்ள இயலுமா எனக் கேளுங்கள். முறை தவறிவிட்டால் நீர், உப்பு, பொட்டாசியம் ஆகிய மூன்றையும் கடுமையாகக் குறைக்க வேண்டும். நிவாரணமாக அன்போடு தரப்படும் இளநீரும் வாழைப்பழமும் பிறருக்கு நல்லவை. உங்களுக்கு அவை இதயத் துடிப்பையே பாதிக்கலாம். மூச்சுத்திணறல், மிகுந்த தளர்ச்சி, படபடப்பு தோன்றினால் காத்திராமல் 108 எண்ணை அழையுங்கள்.

ஆக்சிஜன் கருவி: மின்சாரத்தில் இயங்கும் கருவி உள்ள வீட்டில் மாற்றாக ஒரு சிலிண்டர் வேண்டும். உங்களுக்குரிய அளவில் அது எத்தனை மணி நேரம் வரும் என்பதை வழங்குபவரிடம் கேட்டு, சிலிண்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதன் அருகில் மெழுகுவத்தியோ அகல்விளக்கோ ஏற்றலாகாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்காதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. தாழ்வான பகுதியில் வசிப்பவர் புயலுக்கு முன்பே உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனை அருகிலோ செல்வதே பாதுகாப்பு.

செயற்கைக் கால்: இரவில் கட்டிலருகே, கை எட்டும் இடத்தில் வையுங்கள், ஊன்றுகோலும் உடனிருக்கட்டும். மாற்றுக் காலுறைகளை நீர்புகா உறையில் எடுத்துச் செல்லுங்கள். முகாமில் தங்கும் நாள்களில், பொருத்தும் இடத்தை நாள்தோறும் உலரத் துடைத்து, சிவப்போ கொப்புளமோ உள்ளதா எனக் கண்ணாடியில் பாருங்கள்.

செவித்திறன்: பீரங்கி, துப்பாக்கி, எந்திரங்களின் ஓசையிடையே ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்தோர் பலருக்குக் காது மந்தம் உண்டு. செவிக்கருவியைக் கழற்றி உறங்குபவருக்கு இரவு ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்காது. அவரைத் தட்டி எழுப்புபவர் யார் என்பதை அண்டை வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாத உணர்ச்சிக் குறைவு: சியாச்சின் போன்ற பனிமலைகளில் பணியாற்றிப் பனிக்கடிக்கு உள்ளானவர்களுக்குக் கால்விரல்களில் உணர்ச்சி குன்றியிருக்கக்கூடும். நீரிழிவும் சேர்ந்தால், வெள்ளநீரில் கண்ணாடித் துண்டு கிழித்தாலும் தெரியாது. வெறுங்காலோடு நீரில் இறங்காதீர்கள். இறங்கிய நாளில் பாதங்களைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை மற்றொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

நீர் வடிந்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குடிநீரை நன்கு கொதிக்கவைத்தே பருகுங்கள். வெள்ளநீரில் நடந்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் ஏற்பட்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் “வெள்ளநீரில் நடந்தேன்” என்பதை மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொற்றொடர் நோயை விரைவில் கண்டறிய உதவும். காயம் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி தேவையா எனக் கேளுங்கள்.

மனத்தையும் கவனியுங்கள். மழையிரவு, ஹெலிகாப்டர் ஓசை, மீட்புப் படகுகளின் பரபரப்பு ஆகியன சிலருக்குப் பழைய களத்தின் நினைவுகளைக் கிளறிவிடும். உறக்கமின்மை, காரணமில்லாச் சினம், எவரோடும் பேசாமை, மது மிகுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், அதனைக் கோழைத்தனமாகவோ முதுமையின் முரட்டுத்தனமாகவோ கருத வேண்டா. அது சிகிச்சைக்குரியது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

தெருவில் நீர் ஏறினால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குபவர், பல ஊர்களில், எழுபது வயதான முன்னாள் படைவீரர்தாம். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதை அந்நேரம் அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. “வயதான காலத்தில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டால் அவர் கேளார். மற்றவரைக் காப்பது அவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணி. அதனைப் பறிக்காமல், மாற்றிக் கொடுங்கள். தெருவில் தனியாக வாழும் முதியோர், கருவுற்ற பெண்கள், படுக்கையில் இருப்போர் யார் யார் என்று பட்டியல் எடுப்பது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 எண்ணிலும் அழைத்துத் தகவல் தருவது. எவர் வீட்டுக்கு முதலில் படகு செல்ல வேண்டும் என வழிகாட்டுவது. அனுபவம் மிக்க ஒருவர் திண்ணையில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய பணிகள் இவை. இளைஞர்களால் அவ்வளவு நன்றாகச் செய்ய இயலாதவையும்கூட.

கணவரை இழந்து தனியே வாழும் படைவீரர் மனைவியர் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெறட்டும். கணவரோடு அவர்தம் கோப்பைப் பற்றிய அறிவும் போய்விட்ட வீடுகள் அவை. அட்டை, ஓய்வூதிய ஆணை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த அவர்களுடன் ஒரு மாலை அமர்வது பெரிய உதவி.

பத்து நிமிட ஒத்திகை

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஒத்திகை செய்து பாருங்கள். ஐயா நாற்காலியில் அமரட்டும். பத்து நிமிடம் ஒரு சொல்லும் பேசக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. வீட்டிலுள்ள மற்றவர் தாள், அட்டை, மருந்துப் பை, தொலைபேசி எண்கள் ஆகிய நான்கையும் எடுத்து வாசலில் வைக்க வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்தால் வீட்டுக்கு வழி எப்படிச் சொல்வது என்பதையும் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பேசாமல் இருப்பது அவருக்கு எளிதாக இராது. “அங்கே இல்லை, அடுத்த தட்டில்” என்று சொல்ல நா துடிக்கும். எந்தப் பொருளுக்காக அப்படித் துடித்ததோ, அந்தப் பொருளின் இடத்தை அன்றே மாற்றிவிடுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதே ஒத்திகையைச் செய்யுங்கள். நிரப்பிய தாளை அடுத்த முறை எங்கள் மருத்துவமனைக்கு வரும்போது கொண்டு வந்தால், மருந்துகளின் பெயரையும் அளவையும் செவிலியர் சரிபார்த்துத் தருவார்.